‘எங்க வீட்டுல விட மாட்டாங்க’: குடும்ப வன்முறை என்பது எது?

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில், காலை நேரத்து லேடீஸ் பெட்டியில், ஒரு வாரம் காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு பயணம் செய்து பாருங்கள். ஒரே வினைச்சொல் திரும்பத் திரும்ப விழும்.

"ஞாயித்துக்கிழமை பீச்சுக்கு வர்றியா?"

"இல்லடி, எங்க வீட்டுல விட மாட்டாங்க."

"அவர் ரொம்ப நல்லவருக்கா. கல்யாணத்துக்கு அப்புறமும் என்னை வேலைக்கு விட்டிருக்காரு."

விடுவது, விடாமல் இருப்பது. ஆட்டையும் மாட்டையும் பற்றிப் பேசும்போது சரியாகப் பொருந்துகிற சொல். பி.காம். முடித்து, மாதம் முப்பதாயிரம் சம்பாதித்து, வீட்டு வாடகையில் பாதியைக் கட்டுகிற பெண்ணும் தன்னைப் பற்றி இப்படித்தான் சொல்கிறார். ‘என் பொண்டாட்டி என்னை வேலைக்கு விட்டிருக்கா’ என்று ஒரு ஆண் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

குடும்ப வன்முறையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் கன்னத்தில் விழும் அறையிலிருந்து தொடங்க மாட்டேன். இந்தச் சின்ன வினைச்சொல்லிலிருந்துதான் தொடங்குவேன். விடவில்லை என்றால் என்ன ஆகும்? மீறிப் போனால் என்ன ஆகும்? சில வீடுகளில் ஒன்றும் ஆகாது; கொஞ்சம் முணுமுணுப்பு, அதோடு சரி. சில வீடுகளில் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த இரண்டு வகை வீடுகளுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஒருவர் இன்னொருவருடைய வாழ்க்கையைத் தன் கையில் வைத்துக்கொள்வதற்காக, பயத்தைப் பயன்படுத்தித் தொடர்ந்து செய்கிற எல்லாமே குடும்ப வன்முறை. அடி அதில் ஒரு கருவி. அந்த வீட்டு ஆட்சிக்கு அடிதான் போலீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் தினமும் தெருவுக்கு வர வேண்டியதில்லை. ஒருமுறை வந்து லத்தியைச் சுழற்றிவிட்டுப் போனால் ஆறு மாதத்துக்குத் தெரு அமைதியாக இருக்கும். அதனால்தான், "வருஷத்துக்கு ஒரு தடவைதான் கை நீட்டுவார்" என்பது ஆறுதல் தரும் தகவல் இல்லை. மீதி 364 நாளும் அந்த ஒரு நாள்தான் வேலை செய்கிறது.

கோபமா, குடியா?

நம்மிடம் தயாராக இருக்கும் இரண்டு விளக்கங்களைப் பார்த்துவிடலாம்.

முதலாவது, கோபம். "கோவம் வந்தா அவருக்குக் கண்ணு மண்ணு தெரியாது." சரி. ஆனால் அதே மனிதரை மேனேஜர் பத்துப் பேர் முன்னால் திட்டும்போது கண் நன்றாகவே தெரிகிறது. டிராஃபிக் போலீஸ் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கும்போதும் தெரிகிறது. வீட்டுக்குள் மட்டும் மங்கிவிடுகிறது. அப்படியும் முழுவதுமாக மங்குவதில்லை. பல பெண்களுக்கு அடி விழுவது முதுகிலும் மேல்கையிலும். கண் தெரியாத கோபத்துக்கு, ரவிக்கைக்குள் மறைகிற இடம் மட்டும் எப்படித் தெரிகிறது?

இரண்டாவது, குடி. "குடிக்கலன்னா தங்கமான மனுஷன்." இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவிகளில் நூற்றுக்கு 70 பேர் வன்முறையை அனுபவித்தவர்கள். டாஸ்மாக் மூடுகிற நேரத்தில் வயிற்றைக் கலக்குகிற வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: கணவர் குடிக்கவே குடிக்காத பெண்களிலும் நூற்றுக்கு 23 பேர் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். அந்த 23 பேருக்கு எந்த பாட்டிலைக் காரணம் சொல்வது? குடி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறது. தீ அதற்கு முன்பே பற்றியிருந்தது.

அந்த ஆய்வில் நம் மாநிலத்துக்கான எண் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 18 முதல் 49 வயதுவரையுள்ள, திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய சராசரி 29. படிப்பில் முன்னால், மருத்துவத்தில் முன்னால் என்று நாம் தட்டிக்கொள்ளும் அதே தோளில்தான் இந்தப் பாரமும் இருக்கிறது.

சட்டம் எதையெல்லாம் வன்முறை என்கிறது?

"சேச்சே, அவர் அடிக்கிறதெல்லாம் கிடையாது" என்று சொல்கிற பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடலில் விழும் அடியோடு நின்றுவிடவில்லை. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பணம் என்று நான்கு வகைகளைச் சொல்கிறது.

அடி, உதை, சூடு போடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாலியல் வன்முறை பற்றி ஒன்று மட்டும்: கணவர் என்பதால் விருப்பமில்லாமல் தொடலாம் என்ற உரிமையை இந்தச் சட்டம் தரவில்லை. வயது வந்த மனைவியிடம் கணவர் செய்யும் பலாத்காரத்தைக் குற்றவியல் சட்டம் இன்னும் பலாத்காரம் என்று ஏற்கவில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் அதைச் சொல்லிப் பாதுகாப்பு கேட்கலாம். சொல்லால் செய்யும் வன்முறையில், குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை பெறவில்லை என்றோ குத்திப் பேசுவதைச் சட்டம் தனியாகவே குறிப்பிடுகிறது. ‘மலடி’ என்ற சொல் ஒரு தீபாவளி முழுவதையும் எப்படித் தின்றுவிடும் என்பது தெரிந்த யாரோ அதை எழுதியிருக்க வேண்டும்.

நான்காவது வகைதான் சென்னை மாதிரி ஊரில் அதிகம் நடப்பது, குறைவாகப் பேசப்படுவது. பணம்.

சம்பளக் கணக்கு அவள் பெயரில், ஏ.டி.எம். கார்டு அவர் பர்ஸில். ஜிபே அவள் போனில், பின் நம்பர் அவருக்கு மனப்பாடம். காய் வாங்க இருநூறு ரூபாய் கொடுத்தால், சாயங்காலம் பேருந்து டிக்கெட் முதற்கொண்டு கணக்கு. அம்மா வீட்டில் போட்ட நகை ‘ஒரே மாசம்’ என்று சேட்டு கடைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும். ரசீது எங்கே என்று கேட்டால் அன்று வீட்டில் ரகளை. நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போகலாம் என்று வந்தபோது, அது என்ன பெரிய சலுகை என்று கேலி செய்தவர்கள் உண்டு. எங்கே போகிறேன் என்று கணக்குக் காட்டாமல் ஒரு பெண் பேருந்து ஏற முடிந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, தினமும் கணக்குக் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும். மாதா மாதம் வரும் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையும் அப்படித்தான். அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பணம் வந்ததும் குறுஞ்செய்தி யாருடைய போனுக்குப் போகிறது?

ஒன்றை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டு வரவு செலவை ஒருவர் பார்த்துக்கொள்வது வன்முறை இல்லை. எங்கள் வீட்டிலும் கரண்ட் பில்லிலிருந்து எல்.ஐ.சி. வரை அவர்தான் பார்க்கிறார். எனக்கு அது சோம்பல். கேட்டால் சொல்வார், வேண்டும் என்றால் எடுப்பேன், எடுத்தால் எதுவும் நடக்காது. அந்தக் கடைசி வார்த்தைகள்தான் அளவுகோல்.

அப்புறம், இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமானது இல்லை. அம்மா, அக்கா, தங்கை, மகள், விதவையான அண்ணி, திருமணம் போலவே ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் பெண் எல்லோரும் இதில் வருவார்கள். தொந்தரவு செய்பவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை; சட்டத்தில் இருந்த அந்தக் கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2016-ல் நீக்கிவிட்டது. மாமியார்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மேலே போகலாம்.

மல்லிப்பூ வாரம்

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியாதது இது: நேற்று ராத்திரி அழுதுகொண்டே போன் செய்தவள், மூன்றாம் நாள் அவரோடு வடபழனி கோயில் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். "இதுங்களுக்கு நடுவுல நாமதான் லூசு" என்று நமக்குக் கடுப்பாகும்.

அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-ல் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார். முதலில் வீட்டில் இறுக்கம் கூடுகிறது. தட்டு வைக்கிற சத்தம்கூட அளந்து வைக்கப்படும். அப்புறம் வெடிப்பு. அதன் பிறகு மன்னிப்பும் கொஞ்சலும். இந்த மூன்றாம் கட்டத்துக்கு நம் ஊரில் வாசனையே உண்டு: ஒரு முழம் மல்லிப்பூ, கால் கிலோ அல்வா. குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று ஒரு பழமொழியையும் வைத்திருக்கிறோம். அந்த வாரம் பொய் என்று சொல்ல முடியாது. அவர் அழுவது உண்மையாகவே இருக்கலாம். எல்லா வீடுகளிலும் இந்தச் சுழற்சி இதே மாதிரி ஓடுவதுமில்லை. ஆனால் ஓடுகிற வீடுகளில், அவள் திரும்பிப் போவது அடித்தவரிடம் அல்ல. மல்லிப்பூ வாங்கி வந்தவரிடம். இருவருக்கும் ஒரே முகம் என்பதுதான் சிக்கல்.

மரியாதையா சொல்றேன்...

தமிழில் ஒரு வினோதம் உண்டு. "மரியாதையா சொல்றேன், உள்ள போ" என்ற வாக்கியத்தில் துளி மரியாதை கிடையாது. அடிக்கு முந்தைய கடைசி நோட்டீஸ் அது. மரியாதை என்ற சொல்லையே நாம் மிரட்டலுக்குப் பயன்படுத்துகிறோம்.

அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் டி.வி. சத்தம் குறைகிறது. சிரிப்பு நிற்கிறது. அம்மா அடுக்களைக்குள் போகிறார். இதைப் பார்க்க வரும் விருந்தாளி, "பசங்க அப்பாகிட்ட எவ்ளோ மரியாதையா இருக்காங்க பாரு" என்பார். அது மரியாதை இல்லை, பயம். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அப்பா வெளியூர் போனால் வீடு மூச்சு விடும். மரியாதை ஆள் இல்லாதபோதும் இருக்கும். பயம் ஆள் போனதும் போய்விடும். அந்த வீட்டில் வளரும் பையன் இரண்டையும் ஒன்றாகவே கற்றுக்கொள்கிறான். பெண்ணும்தான்.

அதே தேசிய ஆய்வில் ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் எதற்காகவாவது கணவர் மனைவியை அடிப்பது சரியா என்று கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, ஒழுங்காகச் சமைக்காதது, மாமனார் மாமியாரை மதிக்காதது என்று போகிறது அந்தப் பட்டியல். இந்திய அளவில் ஒரு காரணத்துக்காவது ‘சரி’ என்ற ஆண்கள் 44 சதவீதம். பெண்கள் 45. ஆண்களைவிட ஒன்று அதிகம். இந்த எண்ணைப் பார்த்து ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்று கிளம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் ‘விட மாட்டாங்க’ என்ற இலக்கணத்தில் வளர்ந்தவர்கள், அந்த இலக்கணப்படி விடை எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் கற்றது தெருவிலும் தெரியும். 1998-ல் எழும்பூர் பக்கம், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் ‘கேலி’யில் கீழே விழுந்த ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். ஊரே கொதித்தது. அதே ஆண்டு ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் அந்தச் சட்டத்தின் பெயர் திருத்தப்பட்டு, ‘பெண்களைத் துன்புறுத்துதல்’ என்று ஆனது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு சாவுக்குப் பிறகும் அதைக் கேலி, கிண்டல் என்றே சொல்லிக்கொண்டிருந்தோமே, அதில்தான் இருக்கிறது.

ஏன் விட்டுட்டு வர மாட்டேங்கறா?

இதற்குப் பதில் தேட மனோதத்துவத்துக்குப் போவதற்கு முன், வீட்டுத் தரகரிடம் போய்ப் பாருங்கள்.

பெரம்பூரிலோ மடிப்பாக்கத்திலோ ஒரு பெண் குழந்தையோடு தனியாக வாடகை வீடு கேட்டால், முதல் கேள்வி "சார் எங்க வேலை பார்க்கிறார்?" ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று டு-லெட் பலகையிலேயே எழுதியிருக்கும். மூன்று மாத வாடகைதான் அட்வான்ஸ் என்று மாநிலச் சட்டம் சொன்னாலும், பத்து மாதம் கேட்கிற ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் வாடகை என்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம். ஏ.டி.எம். கார்டே கையில் இல்லாதவளுக்கு! அம்மா வீட்டுக்குப் போனால், தம்பிக்குப் பெண் பார்க்கிற நேரத்தில் ‘வாழாவெட்டி’யாக வந்து நிற்காதே என்று நாசூக்காகச் சொல்வார்கள். அப்புறம், கிளம்புகிற நேரம்தான் ஆபத்து கூடுகிற நேரமும். கைப்பிடி நழுவுகிறது என்று தெரிந்தால்தான் பிடி இறுகும். அவள் யோசித்து யோசித்து நிற்பதில் கணக்கு இருக்கிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பொருளியல் அறிஞர் பீனா அகர்வாலும் நடத்திய ஆய்வு இந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வரும். தன் பெயரில் நிலமோ வீடோ இல்லாத மனைவிகளில் 49 சதவீதம் பேர் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் தன் பெயரில் இருந்தவர்களில் 7 சதவீதம். போக ஒரு இடம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிவதைவிட, அவருக்குத் தெரிவதுதான் முக்கியம் போலிருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். அறுபது வருடம். தங்கையிடம் ‘விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்று கேட்கிற அண்ணன்கள் அதற்கப்புறமும் ஓயவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

பலர் சட்டத்தின் பக்கமே போகாததற்குக் காரணம், "அவரை ஜெயில்ல போட்டுடுவாங்க, அப்புறம் பிள்ளைங்க கதி?" என்ற பயம். 2005 சட்டம் அடிப்படையில் ஆளை உள்ளே தள்ளுகிற சட்டம் இல்லை. உத்தரவு வாங்கித் தருகிற சட்டம். மாஜிஸ்திரேட் ‘இனிமேல் அடிக்கக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது’ என்று பாதுகாப்பு உத்தரவு போடலாம். வீட்டை விட்டு அவளைத் துரத்தக் கூடாது என்று சொல்லலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அவள் அங்கே குடியிருக்கக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. செலவுக்குப் பணம், நகையைத் திருப்பித் தருவது, குழந்தைகள் தற்காலிகமாக யாரிடம் இருப்பது எல்லாமே இதில் கேட்கலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுமைக்காகக் கிரிமினல் வழக்கே போட வேண்டும் என்றால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85.

எங்கே தொடங்குவது? பெண்களுக்கான உதவி எண் 181-க்குப் போன் செய்யலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். அந்த நிமிடமே ஆபத்து என்றால் 112. பெண் குழந்தைக்குப் பிரச்சினை என்றால் 1098. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் உண்டு; சென்னை மாவட்டத்துக்கு, ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் கலெக்டர் ஆபீஸோடு இருக்கும் சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். நடந்ததை அவர் அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அதற்கு வக்கீல் தேவையில்லை. வக்கீல் வேண்டும் என்றால், பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி கிடைக்கும், அதற்கு 15100. மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. கோர்ட் வராந்தாவின் கணக்கு வேறு. அதற்கும் தயாராக இருங்கள்.

1992-ல் ஆயிரம் விளக்கில் தொடங்கியது தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம். இன்று நிறைய வந்துவிட்டன. சில நிலையங்களில் புகாரை எழுதி வாங்குவதற்கு முன்பே இருவரையும் உட்கார வைத்து ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்பார்கள். சமாதானம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்தத் துண்டுச் சீட்டு பின்னால் கோர்ட்டில் பேசும்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அவள் போனுக்கு ‘என்ன ஆச்சு, அடிச்சாரா?’ என்று வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள். அதை முதலில் படிப்பது அவராக இருக்கலாம். தனியாகப் பார்க்கும்போது பேசுங்கள். "நீ என்ன பண்ண?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரம்பூரில் லைன் வீடு. ஆறு குடித்தனம், ஒரு பொதுக் கிணறு, ஒரு வராந்தா. நாலாவது வீட்டில் சில ராத்திரிகள் பாத்திரம் உருளும். எல்லோரும் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்கள். எதிர் வீட்டுப் பாட்டி மட்டும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார். "உறைமோர் இருக்கா?" ராத்திரி பத்தரை மணிக்கு. கதவு திறக்கும். பாட்டி உடனே கிளம்ப மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து, மெட்ரோ வாட்டர் லாரி வந்ததா, ரேஷனில் பாமாயில் போட்டார்களா என்று அந்த மனிதரிடமே அரை மணி நேரம் பேசுவார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வார். உள்ளே சத்தம் அடங்கியிருக்கும்.

பாட்டி வீட்டில் தயிருக்கு என்றைக்குமே பஞ்சமில்லை என்று அம்மா பிற்பாடுதான் சொன்னார். மறுநாள் காலையில் அந்த அக்கா கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வருவார். பாட்டி கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு நெடுநேரம் பேசுவார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொன்னதில்லை.